கடதாசியில் ஐந்து வயது

பள்ளிக்கூடத்துச் சேர்க்கை மேசையில் இருப்பவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் பிறந்த திகதியைப் பார்ப்பாள்; எங்கள் தொழில் அப்படி.

மொன்றியலில் ரொக்ஸ்பரோவுக்குக் கிட்ட ஒரு சிறிய தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் அந்த மேசையில் இருந்தேன். நாலு வயதுக்காரருக்கு ஒரு பாலர் வகுப்பு, ஐந்து வயதுக்காரருக்கு இன்னொன்று. செப்டெம்பர் முப்பதாம் திகதிக்குள் எத்தனை வயது நிரம்புகிறதோ அந்த வகுப்பு. பிள்ளை பெற்ற புண்ணியவான்களே, அந்த முப்பதாம் திகதியால் நீங்கள் பட்ட பாட்டை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் பட்டிருக்கிறேன். ஒக்டோபர் இரண்டாம் திகதி மகன் பிறந்த தகப்பன் ஒருவர், பிரசவம் பார்த்ததே நான்தான் என்பதுபோல என்னை முறைத்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே கேள்வி: பிள்ளையை எப்போது சேர்க்கலாம்? எல்லாம் தெரிந்தவள்போல நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாருக்காக

கணினி வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த ஒரு சென்னைக்காரர் மனைவியோடும் மகனோடும் வந்தார். மகனுக்கு மூன்றரை வயது. ஏழு பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டு, அதை அச்சடித்தும் கொண்டுவந்திருந்தார். ஆறு மாதம் முன்னதாகச் சேர்க்க வழி உண்டா என்று கேட்டார். அவசரப்படவேண்டாம், இந்த வயதில் விளையாட விடுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வழக்கமான பாடத்தை ஒப்புவித்தேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அவர் காரை எடுக்கப் போனபிறகு, மனைவி மகனுக்குக் கையுறை மாட்டிக்கொண்டே மெல்லச் சொன்னாள். பதினோராவது மாடியில் வீடாம். காலை எட்டு மணிக்கு அவர் போனால் திரும்பி வரும்வரை அவளும் பிள்ளையும் மட்டும்தானாம். “அவனுக்காகக் கேக்கல மேடம். இவன் ஸ்கூலுக்குப் போனா, கேட்டுல நிக்கிற நாலு அம்மாங்களாவது என்கூடப் பேசுவாங்கல்ல.”

கத்தரிக்கோல்

சேர்க்குமுன் ஒரு மணித்தியாலம் பிள்ளையை வகுப்பில் இருத்திப் பார்ப்பார்கள். பரீட்சை இல்லை என்று பெற்றோரிடம் சொல்லுவோம். பரீட்சைதான். கட்டை அடுக்கவேண்டும், பெயர் சொல்லவேண்டும், கடதாசியில் வட்டம் கீறி அதைக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். நானும் எங்கள் வீடுகளில் வளர்ந்தவள்தானே, எனக்குக் காரணம் தெரியும். ஆசிரியைக்குத் தெரியாது. ‘கைப்பழக்கம் போதாது’ என்று எழுதிவிடுவார்.

பேக்கரியில் வேலை செய்யும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையின் மகள் அப்படித்தான் அந்த வருடம் தவறிப்போனாள். கடிதத்தை வாசித்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மாப்படிந்த கைகளால் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். “கத்தரிக்கோலைத் தொடாதை, தொடாதை எண்டு நாலு வருசமாக் கத்தினது நாங்கள்தான் தங்கச்சி. பிள்ளை சொல்லுக் கேட்டது பிழையாப் போச்சு.”

மனப்பாடம்

இனி மாலினியின் கதை. இதைச் சொல்லத்தான் மற்றவற்றைச் சொன்னேன்.

சமாதானம் முறிந்து வன்னிப் பாதை மூடிய இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவள் என் மேசைக்கு வந்தாள். கணவர் கிளிநொச்சியில் அகப்பட்டிருந்தார். ஐந்து வயது வகுப்பில் எதிர்பாராமல் ஓர் இடம் காலியாகியிருந்தது. அவளுடைய அண்ணன் ரொக்ஸ்பரோவில் கராஜ் வைத்திருப்பவர்; தன் பிள்ளைகள் படிக்கும் இடத்தில்தான் மருமகளும் படிக்கவேண்டும் என்று நின்றார். மருமகள் பெயர் அபிநயா. அண்ணன் தொலைபேசியோடு வெளியே போனதும் மாலினி என் பக்கம் குனிந்தாள். கடதாசியில்தான் பிள்ளைக்கு ஐந்து, உண்மையில் வைகாசியில்தான் நாலு முடிந்தது என்றாள்.

எனக்கு ஆச்சரியமில்லை. என் வயதும் கடதாசியில் இரண்டு கூடத்தான்; பென்ஷன் நேரத்தில் உதவும். அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரன், வேறொரு தாயும் மகளும் போகிற பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதிலுள்ள திகதிகளை மூன்று கிழமை மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறான். இங்கே விமான நிலையத்தில் இறங்கியதும் அவள் உண்மையைத்தான் சொன்னாள்: தன் பெயர், மகளின் பெயர், ஊர். பிள்ளை பிறந்த திகதியைக் கேட்டபோது மட்டும் வாயில் வந்தது மனப்பாடம் செய்தது. ஒரு வருடமும் நாலு மாதமும் கூடிவிட்டது. அகதி வழக்கில் ஒரு சொல் மாறினால் முழுவதும் பொய் என்று தள்ளிவிடுவார்கள் என்று ஆட்கள் பயமுறுத்தியிருந்தார்கள். வழக்குத் தோற்றால் கணவரைக் கூப்பிடவே முடியாது.

சின்ன வகுப்பில் விடும்படி பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், கேள்விக்கு மேல் கேள்வி வரும் என்று நான்தான் பயந்தேன். பிள்ளைகள் எதையும் பிடித்துக்கொள்வார்கள், துணிந்து சேர்த்துவிடு என்றேன். அவள் முகம் தெளிந்தது. “அப்ப நீங்கள் சொன்னபடியே செய்யிறன் அக்கா. உங்களுக்குத்தானே இதுகள் தெரியும்.”

சின்ன உருவம்

அபிநயா கெட்டிக்காரி. அந்த ஒரு மணித்தியாலத்தில் கட்டைகளை நிறம் பிரித்து அடுக்கினாள். மாமன் பிள்ளைகளிடம் பொறுக்கிய பிரெஞ்சில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். கத்தரிக்கோலைக்கூட எடுத்தாள், வட்டம் வெட்டப் போய் முக்கோணம் வந்தது, அதற்கு அவளே சிரித்தாள். நாலு வயதுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதிபர் நல்ல மனிதர். எதையும் கூர்ந்து பார்க்கிற அம்மா. பிள்ளையின் தோளை மெல்லத் தொட்டு, ஐந்தரை வயதுக்கு மிகவும் சிறியவளாக இருக்கிறாளே என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் சந்தேகம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் ஆட்கள் எல்லோருமே சின்ன உருவம்தான் அம்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் வெட்கப்பட்டுப் போனார். “மன்னித்துக்கொள், எனக்கு அது தெரியாது. நல்லவேளை நீ இங்கே இருக்கிறாய்.”

பனி உடுப்பு

பனி உடுப்பு போடுவது ஒரு தனி வித்தை என்று இந்த ஊரில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் காற்சட்டை, பிறகு சப்பாத்து, மேற்சட்டை, தொப்பி, கடைசியில் கையுறை. ஒழுங்கு மாறினால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பத் தொடங்கவேண்டும். ஐந்து வயது வகுப்பில் இதைப் பிள்ளைகளே செய்யவேண்டும். இடைவேளை பதினைந்து நிமிடம். என் மேசைக்கு எதிரே உள்ள நடைவழியில் அபிநயா தரையில் இருந்து சப்பாத்தோடு மல்லுக்கட்டுவாள். ஜிப்பை மேலே இழுத்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். மற்றவர்கள் சிவந்த கன்னங்களோடு உள்ளே வருவார்கள், அவள் போட்டதைக் கழற்றத் தொடங்குவாள். டிசம்பர் முழுவதும் அவள் பனியில் கால் வைத்தது மூன்று நாலு தடவைதான் இருக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் எழுந்துபோய்ச் சப்பாத்தை மாட்டிவிட்டேன். வகுப்பு ஆசிரியை கண்டுவிட்டார். அவர் கடுமையானவர் இல்லை, தனக்குச் சொல்லப்பட்ட வயதை நம்பினார், அவ்வளவுதான். “தயவுசெய்து உதவி செய்யாதீர்கள். இன்னும் ஒரு மாதத்தில் ஆறு வயது ஆகப்போகிற பிள்ளை அவள்.”

பிறந்தநாள் பாட்டு

அந்த ஒரு மாதமும் வந்தது. பிள்ளைகளின் பிறந்தநாள் பட்டியலை வகுப்புகளுக்குக் கொடுப்பது என் வேலை. எல்லோருடைய திகதியையும் தட்டச்சு செய்ததுபோல அவளுடையதையும் செய்தேன். ஜனவரியில் அந்த நாளன்று அவளுக்கு மட்டைக் கிரீடம் சூட்டி, நடுவில் நிறுத்தி, வகுப்பே பாடியிருக்கிறது. அவள் கிரீடத்தைக் கழற்றி ஆசிரியையிடம் நீட்டி, இன்றைக்கு என் பிறந்தநாள் இல்லை, மாம்பழப் பெட்டி கடைக்கு வரும்போதுதான் என் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் விடவில்லை, இல்லை, இல்லை என்று அழுதிருக்கிறாள்.

அந்த வகுப்பில் உண்மை பேசியது அவள் ஒருத்திதான். மத்தியானம் ஆசிரியை அதை ஒரு குறிப்பாக எழுதி, அபிநயாவின் கோப்பில் வைக்கச் சொல்லி என்னிடமே தந்தார். வைத்தேன். குறிப்பு இதுதான்: “பாவம், தன் பிறந்தநாள்கூட இன்னும் அவள் மனதில் பதியவில்லை.”

மொழிபெயர்ப்பு

ஏப்ரலில் ஓர் உளவியலாளரை அழைத்து அபிநயாவைச் சோதித்தார்கள். பிறகு தாயைக் கூப்பிட்டார்கள். மாலினிக்குப் பிரெஞ்சு போதாது என்பதால் நான் மொழிபெயர்க்க இருந்தேன். அறிக்கை ஐந்து பக்கம். பிள்ளை சுறுசுறுப்பானவள், அன்பானவள், ஆனால் வளர்ச்சியில் ஏறக்குறைய ஒரு வருடமும் நாலு மாதமும் பின்தங்கியிருக்கிறாள் என்று அவர் வாசித்தார். சோதனை துல்லியமானது என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குச் சரிவராது, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான விசேட வகுப்புக்குப் பரிந்துரைக்கப் போகிறோம் என்றார் அதிபர். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

உளவியலாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இதற்கு விளக்கமாக ஏதாவது உண்டா, குறைமாதப் பிரசவம், நோய், நாங்கள் அறியாத வேறு எதுவும்? அதை மாலினியிடம் தமிழில் சொல்லிவிட்டு, என் பங்குக்கு இன்னொன்றும் சேர்த்தேன். இப்போது சொல்லிவிடு, நானும் உன்னோடு சேர்ந்து சொல்கிறேன், என் வேலை போனாலும் பரவாயில்லை என்றேன். மனமாரத்தான் சொன்னேன். ஆனால் எட்டு மாதம் பிந்திச் சொன்னேன். அகதி வழக்கு விசாரணைக்கு அவளுக்கு இன்னும் திகதி வரவில்லை. அவள் மேசையிலிருந்த அறிக்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை. “ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. பிள்ளை பிறகு கெட்டிக்காரியா இருக்கலாம். முதல் அவர் வந்து சேரட்டும்.”

ஒன்றும் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னேன்.

விசேட வகுப்பு

அதற்குப் பிறகு மாலினியைக் கண்டது ஒரேயொரு தடவை, போர் முடிந்த வருடத்து இலையுதிர்காலத்தில், வில்லரேயில் டெப்பானர் என்கிற ஒரு தெருமூலைச் சில்லறைக் கடை வாசலில். அண்ணன் வீட்டை விட்டு அந்தப் பக்கம் குடிவந்திருந்தாள். வழக்கு வென்றுவிட்டதாம். கணவரைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டிருக்கிறாள். ஆனால் வைகாசிக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இனியாவது பிள்ளையின் திகதியைத் திருத்தலாமே என்று கேட்டேன். அவரைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்திலும், தேடித் தரும்படி கொடுத்த மனுவிலும் அந்தத் திகதிதான் இருக்கிறதாம். எங்காவது ஒரு அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறு குடும்பம் என்று அவரை விட்டுவிட்டால் என்ன செய்வது என்றாள்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, அபிநயா கடை வாசலில் அடுக்கியிருந்த பிரெஞ்சுப் பத்திரிகையின் தலைப்பைத் தடக்காமல் சத்தமாக வாசித்தாள். ஏழு வயது. கடதாசியில் எட்டு. இன்னும் விசேட வகுப்பில்தான் படிக்கிறாள். அவளுடைய தலையைத் தடவப் போன கையைப் பாதியில் எடுத்துக்கொண்டேன். மாலினிக்கு மட்டும் முகத்தில் ஒரு பெருமை. என்னைச் சுடவேண்டும் என்று அவள் அதைச் சொல்லவில்லை. “அந்த வகுப்பில இவள்தான் முதல் பிள்ளை, அக்கா.”

ஒன்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் வயதைக் கடதாசியை நம்பிப் பதிந்தேன். நேரில் தாய் வாயால் கேட்டு எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒரு பிள்ளையின் வயது, அதைத்தான் பிழையாக எழுதினேன்.