என் மனைவிக்கு நான் வாங்கித் தந்த பதவி

எங்கள் பகுதிக் கட்சித் தலைவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, கணினியில் தமிழ் வேகமாக அடிப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பாரிவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் அவருடைய அலுவலகம். இந்தப் பக்கத்து அரசுக் குழுக்களுக்கெல்லாம் யாரை உறுப்பினராகப் போடுவது என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் சொல்லும் பெயர்களைப் பட்டியலாக அடித்து மேலே அனுப்ப வேண்டியது நான். இன்னும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். விட்டுத் தொலைய வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஒவ்வொரு பட்டியல் வந்ததும் ஊர் சிரிக்கும். ஏரியில் மண் கொட்டி மனை போட்டவன் ஏரிப் பாதுகாப்புக் குழுவில் இருப்பான். ரேஷன் அரிசியைக் கடத்தி மாட்டியவன் நுகர்வோர் குழுவில் இருப்பான். டீக்கடையில் என்னைக் கண்டால், "இன்னா மாமே, உங்க ஆளுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா?" என்பார்கள். பாவம், மனுஷனுக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். மண்டு. அவரைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன்.

அவர் ஆளைப் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்ததில்லை. பதவி கேட்டு வருகிறவருக்கு டீ வரவழைப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், கடைசியில் சாவகாசமாக ஒன்று கேட்பார். "உன் மேல இன்னா கம்ப்ளைன்ட் கீது?" ஒன்றுமில்லை அண்ணே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் டீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். நெளிந்தவன் பெயர் பட்டியலில் ஏறும். எனக்கு இது உறைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒருநாள் பூந்தமல்லி சிக்னலில் கார் நின்றிருந்தபோது அவரே வாயைத் திறந்தார். முதன்முதலில் அவர் பதவி கொடுத்தது ஒரு தங்கமான மனிதருக்காம். ஒரே வருஷத்தில் அந்தத் தங்கம், ஆள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து, இவர் சொல்வதற்கெல்லாம் நான் தலையாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாம். "நல்லவன் எந்திரிச்சிப் போய்டுவான் நைனா. மாட்டிக்கினவன்தான் ஒக்காந்துகினு இருப்பான்" என்றார். குரலில் கோபமில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வலி போகவில்லை என்று மட்டும் தெரிந்தது. வெள்ளை வேட்டிக்குள் இருந்ததெல்லாம் பயம், யாராவது தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது, வெட்கக்கேடு.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினாலு வருஷம் ஆசிரியை. ஒரு பரீட்சை நாளில் பிட் வைத்து எழுதிய பையனைப் பிடித்தாள். அவன் பள்ளி முதலாளியின் சொந்தக்காரன். எழுதிக் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள், வேலை போயிற்று. அதற்குப் பிறகு சேக்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டியூஷன். அவள் வாழ்க்கையில் அவளுக்கு மிகவும் பெருமையான நாள் எது என்று கேட்டால் கல்யாண நாளைச் சொல்ல மாட்டாள், அந்தப் பரீட்சை நாளைத்தான் சொல்வாள்.

அரசு மாணவியர் விடுதிகளைப் பார்வையிட ஒரு குழு அமைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு ஆசை வந்தது. அவளே அப்படி ஒரு விடுதியில் தண்ணீர்ச் சாம்பார் குடித்து வளர்ந்தவள். "சம்பளம் இல்லாட்டியும் பரவாயில்லைங்க. அந்தப் பிள்ளைங்க என்ன சாப்பிடுதுன்னு பார்த்து உள்ளத உள்ளபடி எழுதணும்" என்றாள். என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். தலைவரிடம் கூட்டிப் போனேன். டீ வந்தது, கேள்வியும் வந்தது. "என் மேல ஒரு புகாரும் கிடையாதுங்க" என்றாள் சந்தோஷமாக. பட்டியலில் அவள் பெயர் இல்லை. "என்கிட்ட என்னங்க குறை?" என்று இரவெல்லாம் கேட்டாள். குறை இல்லாததுதான் குறை என்று எப்படிச் சொல்வேன்?

பொறுக்க முடியாமல் மறுநாள் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, அவ அன்னைக்கு உங்ககிட்ட மறைச்சிட்டா. ஸ்கூல்ல பையனுக்குப் பிட் குடுத்து மாட்டினா. நிர்வாகம் மூடி மறைச்சு அனுப்பிடுச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்டியா? பேரச் சேத்துக்க" என்றார். ஒரு கிலோ ஜாங்கிரியோடு வீட்டுக்குப் போனேன். உன் தகுதிக்குக் கிடைத்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். வாங்கித் தந்த மிதப்பில் நானும் இரண்டு ஜாங்கிரி தின்றேன்.

ஆறு மாதம் ஓடி ஓடிப் பார்த்தாள். ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் வயிற்றுப்போக்கு. நான்கு பக்கம் எழுதினாள். அங்கே சாப்பாடும் தண்ணீரும் தலைவரின் மச்சான் பொறுப்பு. தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். விடுதியில் குறை ஏதும் இல்லை என்று என்னைக் கொண்டு கணினியில் அடித்து வைத்திருந்த ஒற்றை வரிக் காகிதத்தை அவள் முன்னால் நகர்த்தினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றாள்.

தலைவர் சிரித்தார். "பரீட்ச ஹால்ல பிட்டு குடுத்தவங்களுக்கு இப்ப இன்னாத்துக்கு டீச்சரம்மா இந்த நியாயம்?"

அவள் புரியாமல் விழித்தாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள். அது பொய் அண்ணே, நான்தான் சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஆமாங்க, குடுத்தேன்" என்றாள் அவரிடம். "யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்." நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

நானும் எழுந்தேன்.

"ஒக்காரு நைனா" என்றார் தலைவர். "அவுங்க இங்க டீ குடிச்சிட்டுப் போன அன்னிக்கே நான் அந்த இஸ்கூல்ல விசாரிச்சிட்டேன். டீச்சரம்மா பத்தரமாத்துத் தங்கம்."

"அப்ப ஏண்ணே பதவி குடுத்தீங்க?"

"அவுங்களுக்கா குடுத்தேன்? உனக்குக் குடுத்தேன். பொண்டாட்டி பேரையே கெடுத்தவன் என்ன வுட்டு எங்க போவான்? நீ போனா, புருசனே சொன்னான்னு ஊருக்கே சொல்வேன். போ, வேலயப் பாரு."

போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக நான் அடித்த பெயர்களோடு என் பெயரும் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ மன்னிப்பு யோசித்து வைத்திருந்தேன். உனக்காகத்தானே செய்தேன் என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். டியூஷன் பிள்ளைகள் போயிருந்தார்கள். அவள் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. சோறு எடுத்து வைத்தாள். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"திருடினேன்னு சொல்லியிருக்கலாம். பொய் சர்டிபிகேட்டுன்னு சொல்லியிருக்கலாம். அந்த ஒண்ண விட்டா வேற எதுவுமே கிடைக்கலையா உங்களுக்கு?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பாரிவாக்கத்தில் உட்கார்ந்து, அவளைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லும் கடிதத்தை அடித்தேன்.