கோட்டைச் சுவரில் ஒரு துண்டு

பெரியபட்டினம் தாண்டி, கடலோரத்துப் பாழடைந்த கோட்டைக்குள் நிற்கிறேன். கட்டியது சேதுபதியா, ஒல்லாந்துக்காரனா என்று ஊரில் ஆளுக்கொரு கதை. சுவர் முழுக்க முருகைக்கல், கடலில் வெட்டிய பவளப்பாறை. துப்பாக்கி நீட்டிச் சுடும் துளைகள் உள்ளே அகலம், வெளியே விரலகலம். கடலில் குளித்த ஈரத்துண்டைச் சுவர்மேல் காயப்போட்டுவிட்டு, ஒரு துளையில் கண்ணை வைக்கிறேன். வாடைக்காற்றில் தள்ளாடியபடி ஒரு பாய்த்தோணி கரைக்கு வருகிறது.

"யா அல்லா! துண்ட எடுங்க சார்!" வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். "சுவத்துல துணி தெரிஞ்சா கஸ்டம்ஸ் நிக்குதுன்னு அர்த்தம். என் தம்பி கொழும்புலேருந்து பாஸ்போர்ட் இல்லாம வாரான்."

துண்டை உருவுகிறேன். அதற்குள் தோணியின் பாய் திரும்பிவிட்டது. கறுத்துக் கிடக்கும் கடலுக்குள்ளேயே தோணி போகிறது. நான் சுவர்மேல் ஏறிக் கையை உயர்த்த, அவர் என் காலைப் பிடித்து இழுக்கிறார்.

"கையக் காட்டாதீங்க. அதுக்கும் ஓடிருன்னுதான் அர்த்தம்."

"அப்போ, வான்னு சொல்ல என்ன செய்யணும்?"

துளையில் கண்ணை வைத்தபடியே சொல்கிறார்: "அதுக்கு நாங்க ஒண்ணும் வைக்கலையே சார்."