கரண்ட் போனபோது நின்ற கரடி

விளாங்குடி பிரவுசிங் சென்டரில் நானும் என் கூட்டாளியும் ஒரே ஆன்லைன் விளையாட்டைத்தான் ஆடினோம். இருவருக்கும் ஒரே வேலை: அரக்கனுக்கு முன்னால் நின்று அடி வாங்குவது. நாங்கள் வாங்கினால்தான் பின்னால் நிற்கும் மந்திரக்காரர்கள் பிழைப்பார்கள். நான் கேடயக்காரன். ஓங்கிய அடி விழும் நொடியில் பொத்தானை அமுக்கிக் கேடயத்தைத் தூக்க வேண்டும், தவறினால் காலி. அவன் கரடியாக மாறுகிறவன். தடித்த தோலும் ஏகப்பட்ட உயிரும்தான் அவன் தற்காப்பு. எதையும் தடுக்காமல் எல்லாவற்றையும் உடம்பில் வாங்கிக்கொண்டு நிற்பான்.

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்குடா ஆளு? எருமைய ஒக்கார வச்சாலும் ஆடும்" என்பேன்.

"ஒனக்கு ஒரு விரலு சுளுக்குனா அம்புட்டுப் பேரும் சாவாய்ங்க மாப்ள" என்பான்.

டீக்கடை வரைக்கும் இந்தச் சண்டை கூடவே வரும்.

எங்கள் குழுத் தலைவர் மலேசியத் தமிழர். முகம் பார்த்ததில்லை, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவார். பெரிய கோட்டைக்குப் போகும்போது முன்னால் நிற்க ஒருவருக்குத்தான் இடம், ஞாயிற்றுக்கிழமை இரட்டை அரக்கர்களிடம் யார் நன்றாக நிற்கிறாரோ அவருக்கே அது என்று சொல்லிவிட்டார். அந்த இடம் எனக்கு வேண்டும். கப்பலூர் கம்பெனியில் நான் மிஷின் துடைக்கிறவன். என்னை நம்பி நாலு பேர் பின்னால் நின்றது அந்த விளையாட்டில் மட்டும்தான்.

அன்று மத்தியான மின்வெட்டு முடிந்த பிறகுதான் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு அரக்கன். பாதிச் சண்டையில் கரண்ட் மறுபடியும் போய்த் தொலைந்தது. ஃபேன் நின்றது. யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்தது. சென்டர்கார அண்ணன் ஓடி வந்தார்.

"பேட்டரி ஒரு சிஸ்டத்ததான் தாங்கும். எவனாச்சும் ஒருத்தன் ஆஃப் பண்ணுங்கடா. இல்லன்னா ரெண்டும் போயிரும்."

கம்ப்யூட்டரை அணைத்தாலும் விளையாட்டுக்குள் நம் ஆள் உடனே மறையமாட்டான். கொஞ்ச நேரம் பொம்மை மாதிரி அங்கேயே நிற்பான். பொத்தான் அமுக்க ஆளில்லாத கேடயக்காரன் உடனே செத்துவிடுவான்.

"ஒன்னோடத அமத்துடா மாப்ள. கரடி தாங்கும்டா" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "இப்ப மட்டும் தாங்குமாக்கும்?"

அவன் ஸ்விட்சை அமத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

என் திரையின் ஓரத்தில் கரடி அசையாமல் அடி வாங்கியது. அதன் உயிர் இறங்க இறங்க அவன் என் தோளை இறுக்கிப் பிடித்தான். என் கேடயம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்படி நான் என்றைக்குமே ஆடியதில்லை. என் அரக்கன் விழுந்தான். மந்திரக்காரர்கள் அடுத்த அரக்கன் பக்கம் திரும்பி அவனையும் முடித்தார்கள். கரடிக்கு நூலளவு உயிர் மிச்சமிருந்தது.

தலைவரின் வரி வந்தது: "கரடி சூப்பரா நின்னாரு. கோட்டைக்கு அவரே வரட்டும்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அவனும் படித்தான். சிரிக்கவில்லை.

"நெசத்தச் சொல்லிருடா. நான் அங்க இல்லவே இல்லன்னு."

யு.பி.எஸ். விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "கரடி தாங்கும்னு எனக்கு முந்தியே தெரியும்" என்று தலைவருக்குத் தட்டி, திரை அணைவதற்குள் என்டரை அமுக்கினேன்.