ஏனோக்கின் கயிறும் என் கண்ணும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஹைதராபாத் நாச்சாரத்து ஃபாக்டரிகளுக்குள் ரயில் பாதை போட்டுக் கொடுத்த கான்டிராக்டர் நான்தான். நம்பாதவன் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். இப்போது சொல்ல வந்தது ஏனோக்கைப் பற்றி. என் பொறுமையைத் தின்ற மனிதர்.

முப்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்று, 1974-இல் என்னிடம் வந்தார். பிஸ்கட் டப்பாவில் பத்து மீட்டர் கயிறு வைத்திருப்பார். வளைவில் அதன் இரு முனைகளையும் ஆள் வைத்து வெளித் தண்டவாளத்தோடு அழுத்திவிட்டு, நடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று அளப்பார். ஐந்து மீட்டர் நகர்ந்து மறுபடியும் அளப்பார். வளைவு எங்கே மறுபக்கம் திரும்பத் தொடங்குகிறதோ, அங்கே இடைவெளியே இருக்காது. கயிறு ஒட்டிக்கொள்ளும்.

என் முதல் பெரிய வேலை முடிந்தது. மறுநாள் காலை இன்ஜின் ஓட்டிப் பார்ப்பார்கள். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கினால் கான்டிராக்ட் போச்சு. குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வில் மாதிரி இருந்தது. அழகுக்கு ஓரக் கற்களில் சுண்ணாம்புகூட அடித்துவிட்டேன். ஏனோக்கு தண்டவாளத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார்: 62, 62, 52, 82, 52, 62.

"இங்க கோணல், முதலாளி."

"யோவ், என் கண்ணுக்குத் தெரியாத கோணலா?"

"தண்டவாளம் எங்க போவுதுன்னு கண்ணு சொல்லும். எப்படித் திரும்புதுன்னு கயிறுதான் சொல்லும். ஒரே சீரா திரும்பினா ஒரே நம்பர் வரணும். எம்பத்திரண்டுல சக்கரம் முட்டும்."

ஃபாக்டரி இன்ஜினியர் பாலச்சந்திரன் வேறு வந்து சேர்ந்தார். "சார், இவர் அளக்கறது செகண்ட் டெரிவேட்டிவ். சாய்வு எவ்வளவு வேகமா மாறுதுங்கிற கணக்கு. காலேஜ்ல எங்களுக்கு மூணு மாசம் எடுத்தாங்க."

"பேரு வேற வெச்சாச்சா? தண்டவாளத்து ஆணியப் புடுங்கி நகத்தினா பொழுது சாஞ்சுரும்!"

"புடுங்காம நக்கோ முதலாளி, கூடவே கூடாது," என்று ஏனோக்கு தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டித் திட்டி எனக்குத்தான் தொண்டை வறண்டது. கடைசியில் ஆணியைப் பிடுங்கி, எண்பத்திரண்டு வந்த இடத்தை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினோம். திரும்ப அளந்தால் எல்லா இடத்திலும் அறுபத்திரண்டு! அதைப் பார்த்ததும் கோபம் இன்னும்தான் ஏறியது.

காலையில் இன்ஜின் ஒரு கிறீச்சுகூட இல்லாமல் போய்த் திரும்பியது. பெரிய அதிகாரி என் கையைக் குலுக்கினார். "கண்ணாலேயே பாத்து லைன் போடுவீங்களாமே?"

"ஆமாம் சார்," என்றேன். பொய்யா சொன்னேன்? வில் மாதிரி வளைத்தது என் கண்தானே.

என் பின்னால் நின்ற ஏனோக்கு கயிற்றைச் சுருட்டி டப்பாவை மூடினார். அதிகாரி காதில் விழும்படியே சொன்னார்:

"முதலாளி, உங்க கண்ண டப்பாவுல வெச்சுட்டேன். மழையில நனையாது."