செல்லையா அங்கிளின் சாட்சிப் பொருள்

செல்லையா அங்கிள் காலமான செய்தி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் நான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினேன். அதற்காக என்னைத் திட்டிய நண்பர்களுக்கு ஒரு விளக்கம் தரவேண்டும். "ஒரு நாளைக்கு ஒங்கள நல்லா ஏமாத்துறேன் பாருங்க தம்பி" என்று அவர் என்னை ஒரு வருடமாக மிரட்டிவந்தார். அந்த நாள் வந்துவிட்டதென்றே நினைத்தேன். அவர் ஊரான பன்விலவுக்குப் போகும் பஸ்ஸில் பதிலடி யோசித்துக்கொண்டுதான் போனேன். அவர் வீட்டுப் பாதையில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடிகளைக் கண்டபிறகே யோசிப்பதை நிறுத்தினேன்.

முப்பது வருடம் தொலைபேசிக் கம்பி இழுத்து ஓய்வுபெற்ற மனிதர், பல்கலைக்கழகத்தின் சனிக்கிழமை வகுப்பில் நம்மோடு ஒளியிழை படிக்க வந்தார். பதிவு எண்ணில் அவருக்கு அடுத்தவன் நான். அதனால் ஆய்வுகூடத்தில் அவருக்கு ஜோடியாக வாய்த்தேன். விதி அவர் பக்கம் இல்லை.

செம்புக் கம்பியைப் பல்லால் கடித்தே உறை உரித்துப் பழகியவர். முதல் நாளே தலைமுடி அளவு ஒளியிழையை வாய்க்குக் கொண்டுபோனார். பாடம் நடத்தும் மெடம் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"செல்லையா, அது கண்ணாடி."

"அப்ப ஷாக் அடிக்காது" என்றார் அங்கிள், நிம்மதியாக.

அந்த வருடத்திலேயே செய்முறைப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். கை நடுக்கம். இழையை இழையோடு ஒட்டுவதற்குள் வியர்த்துவிடும். "இந்தத் தடவையும் போச்சுன்னா எங்கூட்டம்மா என் நோட்ஸ்ல வடை சுத்திருவா" என்பார்.

இனி என் வாக்குமூலம். இழை இறுக்கமாக வளைந்தால் உள்ளே போகும் ஒளி கசிந்துவிடும் என்று ஒரு வாரம் படித்தோம். படித்ததை உடனே பயன்படுத்துவது என் வழக்கம். அங்கிள் ஒட்டிய இழையின் மறுமுனையை மேசைக்குப் பின்னால் ஒரு பென்சிலில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மீட்டரில் ஒளி இழப்பு எகிறியது. அவர் வெட்டி ஒட்டினார். மறுபடியும் வெட்டி ஒட்டினார். ஆறாவது தடவை மேசையைச் சுற்றி வந்து பென்சிலை என் கையிலிருந்து உருவினார். அதில் காகித நாடா ஒட்டி, 'சாட்சிப் பொருள் 1' என்று எழுதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பரீட்சை நாளில் மழை. அங்கிள் ஒரே முயற்சியில் அழகாக ஒட்டினார். மீட்டரோ இறங்க மறுத்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"பென்சில வெளிய எடுங்க தம்பி."

"சத்தியமா இல்ல அங்கிள்."

"பையக் காட்டுங்க."

மெடம் பார்த்துக்கொண்டிருக்க என் பைகளைக் கவிழ்த்தேன். ஒரு பஸ் டிக்கெட், இரண்டு டொபி. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி நிற்கச் சொல்லிவிட்டு மேசைக்கடியில் குனிந்தார். அங்கே மேசை விளிம்பில் தொங்கிய குடையின் கைப்பிடி இழையை நசுக்கிக்கொண்டிருந்தது.

"குடைய இங்க யாரு மாட்டுனது?"

"நீங்கதான் அங்கிள்."

குடை விலகியது, மீட்டர் இறங்கியது. மெடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ எழுதினார்.

"வளைவக் கண்டுபிடிச்சதுக்கு மார்க்ஸ் குடுப்பாங்களா, வளைச்சதுக்குக் கொறைப்பாங்களா?" பஸ் நிலையம்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

பதில் வந்தபோது அவர் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. அங்கிள் சித்தி, அதாவது பாஸ். பெறுபேற்றைப் படம் பிடித்துக்கொண்டு பன்விலவுக்கு ஓடினேன். அவர் மனைவி ஃபோனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நெசந்தானா தம்பி? இதுல பென்சில் எதுவும் இல்லியே?"

என் வாழ்நாள் உண்மைகளில் முக்கியமானதைச் சொல்லப் போன இடத்தில் எனக்கு மதிப்பு அவ்வளவுதான். மெடத்துக்கு அழைப்பெடுத்து ஃபோனை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மெடம் சொன்னபிறகுதான் நம்பினார். உள்ளே போய், அங்கிளின் சட்டையிலிருந்து பென்சிலை எடுத்து வந்தார்.

"பாஸானா ஒங்ககிட்ட திருப்பிக் குடுத்துரணும்னு சொன்னாரு."

அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நாடாவை உரிக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போகும்போது குடையை வாசலிலேயே வைத்துவிடுகிறேன்.