மரத்தில் தொங்கிய செருப்பு

மொக்கச்சாமி சென்னையில் எட்டு வருஷம் எலி மேய்த்தவர். கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளெலிகளுக்குத் தீனி வைப்பார், கூண்டு கழுவுவார். பலகை அடைத்த சந்துகளுக்குள் ஓர் எலியை விட்டு, பொட்டுக்கடலை இருக்கும் மூலைக்கு அது எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேருகிறது என்று கடிகாரம் பார்ப்பார். 1956-இல் அந்த வேலை போய், மலையடிவாரத்துச் சொந்த ஊரான குரங்கணிக்குத் திரும்பியபோது ஊரே சிரித்தது.

சிரிப்பை அவர் பொருட்படுத்தவில்லை. அக்கா இருளம்மாள்தான் அவரை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. முப்பது வருஷமாக மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறி இறங்கியவள். காலையில் கூட்டத்தோடு ஏறிவிடுவாள். இறங்கும்போது நடை தளர்ந்து தனித்துவிடுவாள். அந்த மாதம் மூன்று தடவை வழி தவறினாள். கடைசித் தடவை பாறைச் சரிவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

முனி அடித்துவிட்டது என்றது ஊர். வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து சாட்டையால் முனியை விரட்டுவதாக ஏற்பாடு. போன வருஷம் பக்கத்துத் தெரு ஆயம்மாளுக்கும் இப்படித்தான் விரட்டினார்கள். முனி போனதோ என்னவோ, பத்தே நாளில் ஆயம்மாள் போய்விட்டாள்.

"பெத்தவளை அடிக்க ஆள் கூப்பிடுறியே மாப்ளே, கூசலையா?" என்று அக்கா மகன் பிச்சைமணியிடம் பாய்ந்தார் மொக்கச்சாமி.

"வேற என்ன செய்யச் சொல்றீக மாமா?"

"ரெண்டு வயசாச்சுன்னா எலி கிழடுடா. திங்கும், தூங்கும், என் கையைக் கண்டா மூக்கை நீட்டும். நேத்து ஓடுன சந்து மட்டும் இன்னைக்கு மறந்துபோகும். அதையும் முனியா அடிச்சுச்சு?"

"எங்க ஆத்தா எலியா?"

"எலியா இருந்தா நீங்க சாட்டையை எடுத்திருக்க மாட்டீங்க!"

ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் பார்த்தது இன்னொன்றும் உண்டு. தீனி மூலையில் விளக்கை எரியவிட்டால் கிழட்டு எலியும் நேரே ஓடிவரும். ஆகவே பாதை பிரியும் ஐந்து இடங்களில், வீட்டுப் பக்கம் திரும்பும் மரத்தில் சிவப்புத் துணி கட்டினார். வெள்ளி வரை ஆத்தா தானாக வந்து சேர்ந்தால் கோடாங்கி வேண்டாம் என்று பிச்சைமணி ஒப்புக்கொண்டான்.

திங்கள் வந்தாள். செவ்வாய் வந்தாள். புதன் வரவில்லை.

இருவரும் தேடி ஏறினார்கள். முதல் பிரிவிலேயே துணி கட்டிய மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்திருந்தது. பக்கத்து மரத்திலும் துணி, எதிர் மரத்திலும் துணி. வேண்டுதல் வைத்தவர்கள் கட்டியவை. நடுவில் இருளம்மாள் நின்று அழுதுகொண்டிருந்தாள். மொக்கச்சாமி எல்லாத் துணியையும் பிய்த்தெறிந்தார்.

"சாமி குத்தம் மாமா!"

"என் பழைய துண்டுடா அது! என் துண்டுக்கா தேங்கா உடைக்கிறீங்க? ரெண்டு நாள் வழி காட்டுச்சு. இன்னைக்கு மறைச்சது முனியா, நீங்களா?"

பிச்சைமணி தலையைச் சொறிந்தான். "சரி, வெள்ளி வரைக்கும் பாப்போம்."

வியாழன் விடிந்ததும் ஐந்து பிரிவிலும் தன் அறுந்த செருப்புகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். "இதுக்கு எவன் தேங்கா உடைக்கிறான்னு பாத்துருவோம்." அன்றைக்கு அக்கா வந்துவிட்டாள்.

வெள்ளி மாலை கோடாங்கி உடுக்கையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். மொக்கச்சாமிக்குக் கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகு, சுமையோடு தனியாக வந்தாள் இருளம்மாள்.

"ஆத்தா வந்துருச்சு. நீங்க கிளம்புங்க" என்றான் பிச்சைமணி. கோடாங்கி முணுமுணுத்தபடி சாட்டையைச் சுருட்டினார்.

இருளம்மாள் மடியிலிருந்து ஒரு செருப்பை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். "வாரு அறுந்தாலும் உன் செருப்பு எனக்குத் தெரியாதாடா? மரத்துல மாட்டிட்டு மறந்து வந்திருக்க. வயசாக வயசாக உனக்குப் புத்தி நிக்க மாட்டேங்குது தம்பி."

"எந்த மரத்துலக்கா?"

அவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

மொக்கச்சாமி செருப்பை வாங்கிக்கொண்டார். சுத்தியலும் ஐந்து ஆணியும் எடுத்து, வெளிச்சம் போகுமுன் ஏறத் தொடங்கினார்.