நடு ஏரியில் நின்ற கல்யாணம்

என் சித்தியின் கல்யாணத்துக்கு நாங்கள் படகில் போனோம். கோலார் தங்கவயல்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்குத் தண்ணீரே லாரியில்தான் வரும். பல நாள் அதுவும் வராது. ஆனால் அந்த வருடம் மழை விடாமல் கொட்டி, பேத்தமங்கலம் பக்கத்து ஏரி ஒன்று நிரம்பிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு பெய்த மழையில் கோடி என்று நாங்கள் சொல்கிற கலிங்கு வழியாக ஏரி வழிந்து, மாப்பிள்ளை ஊருக்குப் போகும் ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. கல்யாணம் ஏரிக்கு அக்கரையில், மாப்பிள்ளை வீட்டில். பங்காருபேட்டை வழியாகச் சுற்றிப் போனால் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் பெண் போய்ச் சேருவாள்.

மாமாவிடம் ஒரு படகு இருந்தது. அம்மாவின் அண்ணனான அவர், சுரங்கத்தை மூடிய பிறகு செய்து பார்க்காத தொழில் இல்லை. ஏரி நிரம்பியதும், ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று சென்னைக்குப் போய், ஒரு ஃபைபர் படகையும் அதன் பின்னால் மாட்டுகிற பழைய பெட்ரோல் மோட்டாரையும் வாங்கி வந்திருந்தார். அந்த மோட்டாருக்கு என்னைவிட வயது அதிகம். கயிற்றை இழுத்தால் சில நாள் ஓடும், சில நாள் இருமும்.

அம்மா தயங்கினாள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“சொரங்கத்துக் கேஜ்ல ஏறி பூமிக்குள்ள போயிட்டு வந்தவன் நானு. தண்ணி மேல போறதுக்கு இன்னா பயம்?”

சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் சுற்றிக்கொண்டு கிளம்ப, படகில் மாமா, அம்மா, பட்டுப்புடவையில் சித்தி, நான், கூடவே சீர்வரிசைத் தட்டுகள். தட்டுகளுக்கு இடம் போதவில்லை. மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்று மாமா அதைக் கரையிலேயே வீசிவிட்டார்.

சித்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், பைக் பட்டறை ஒன்றில் மெக்கானிக் வேலை பார்த்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா சொல்லியிருந்ததோ, கம்பெனி ஆபீஸில் உத்தியோகம் என்று. தாலி ஏறட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு.

மோட்டார் அன்று நல்லபடியாகவே கிளம்பியது. படகில் வருவதாகப் போனில் சொல்லியிருந்ததால், எதிர்க்கரையில் மாப்பிள்ளை வீட்டார் திரண்டு நிற்பது தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் பேண்டு செட்டு முழங்கியது. பாதி ஏரி தாண்டியிருப்போம். மோட்டார் இரண்டு முறை விக்கி, நின்றது. கரையில் பேண்டும் நின்றது.

மாமா கயிற்றை இழுத்தார், இழுத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் இழுத்தார். அதற்குள் காற்று படகை மெல்லத் திருப்பி, ஏரி வழிகிற பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது. தண்ணீர் விழுகிற இரைச்சல் எங்கள் காதுக்கே கேட்டது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சித்தி வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு எழுந்தாள்.

“வேணாண்டி, அவங்க எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் அம்மா.

“பாக்கட்டும்க்கா. படகு எந்தப் பக்கம் போவுதுன்னு நீ பாரு.”

மோட்டாரின் மூடியைத் திறந்து, அதோடு கிடந்த ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினாள். அது எண்ணெய் வழிந்து கன்னங்கரேலென்று இருந்தது. கல்யாண நாளாயிற்றே என்று மாமா பெட்ரோலில் ஆயிலைத் தாராளமாகக் கலந்திருந்தார். சித்தி தன் அலங்காரப் பையிலிருந்து நகம் ராவும் அரத்தை எடுத்துப் பிளக்கின் முனையைச் சுரண்டினாள், முந்தானையாலேயே துடைத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சித்தி பிளக்கை ஒயரில் மாட்டி, மோட்டாரின் உடம்போடு ஒட்டிப் பிடித்தாள். வெயிலில் பொறி தெரியாது என்று என்னைப் பாவாடையை விரித்து நிழல் கட்டச் சொன்னாள். மாமா இழுக்க, அந்த நிழலுக்குள் நீலமாக ஒரு பொறி பளிச்சென்று வெட்டியது. நான் கத்தியே விட்டேன்.

பிளக்கைப் பூட்டி இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. பேண்டும் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம்தான், மறுபடி இரண்டும் நின்றன.

சித்தி பதறவில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், அதை அமுக்கினாள். அமுங்கியது அப்படியே சப்பிக்கொண்டு கிடந்தது, எழும்பவில்லை. டேங்கின் பக்கங்களும் உள்வாங்கியிருந்தன. அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, டேங்க் மூடி மேல இருக்கற திருகை மூடினியா?”

“பெட்ரோல் நாத்தம் உன் பட்டுப்பொடவைல ஏறிடப்போவுதுன்னு...”

“காத்து உள்ள போனாத்தானே பெட்ரோல் வெளிய வரும்!”

திருகை அவள் தளர்த்தியதும் டேங்க் உஸ்ஸென்று மூச்சை இழுத்துக்கொண்டது. உருண்டையை அமுக்கினாள், அது கல் மாதிரி கெட்டியானது. இந்த முறை கயிற்றை மாமாவிடம் கொடுக்காமல் அவளே இழுத்தாள். ஒரே இழுப்பு. மோட்டார் உறுமிய உறுமலில் தாம்பாளத் தேங்காய்கள் உருண்டன. சித்தியே கைப்பிடியைத் திருகிக் கோடிக்கு முதுகைக் காட்டிப் படகைத் திருப்பினாள். கரையில் பேண்டுக்காரர்கள் தலைகால் தெரியாமல் அடித்தார்கள். கழுத்து நிறைய நகையோடு மணப்பெண் மோட்டார் ஓட்டிக்கொண்டு தன் கல்யாணத்துக்குப் போய் இறங்கியதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது.

கரையில் கால் வைத்த நொடியில் எனக்கு உத்தரவெல்லாம் மறந்துவிட்டது. “எங்க சித்திதான் மோட்டாரை சரி பண்ணாங்க!” என்று கூவினேன். அம்மா கிள்ளியது தாமதமாகத்தான் வலித்தது.

மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மருதாணி எது, கரி எது என்று தெரியவில்லை.

“ஆபீஸ்ல இன்னா வேலம்மா பாக்கற?”

“ஆபீஸ் இல்ல அத்தே. பைக் ரிப்பேர் பண்றேன்.”

பேண்டு இன்னொரு முறை நின்றது. அந்த அம்மாள் ஏரியைப் பார்த்தார், வழிகிற தண்ணீரைப் பார்த்தார், பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

“ஆபீஸ் வேல மட்டும் தெரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? வா, உள்ள வா. நேரமாவுது.”

மாமா விசிலடித்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கையில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரை, இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். எதுவும் கேட்காமல் இரண்டையும் சித்தியின் உள்ளங்கையில் கொட்டினார். அவளும் எதுவும் கேட்காமல் தேய்த்துக் கழுவினாள். கரி அப்படியே கழன்று போனது. பட்டறைக்காரர்கள் கை கழுவுகிற முறை அது. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் ஜாதகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே, ஒரு கோளாறும் இல்லாத அவருடைய பைக் மாதம் தவறாமல் அந்த பெங்களூர் பட்டறைக்கு ரிப்பேருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிய வந்தபோது நான் கல்லூரியை முடித்திருந்தேன். கல்யாணத்தன்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கேசரிக்கு வைத்திருக்கிற சர்க்கரையை இப்படி வாரிக் கொட்டுகிறாரே என்று.